உயிர்ச்சத்தும் புற்றுநோயும்



மலைநாட்டுத் தோட்டமொன்றில் ஒருவருக்குப் புற்றுநோய் என வைத்தியர் கூறிவிட்டாரென்றால், அன்று மாலையே அவருடைய லயத்தின் வாசலில் ஆளுக்கொரு வைத்தியம் பிறந்துவிடும். கொழும்பிலே கடையில் வேலைபார்க்கும் மகன் கைத்தொலைபேசியில் ஒரு செய்தி அனுப்புவான். ஹட்டன் பட்டணத்திலிருந்து மருமகன் ஒரு போத்தல் மாத்திரை வாங்கி வருவான். “இது விற்றமின்தானே, உடம்புக்கு நல்லதுதானே” என்பார்கள். அரசினர் பாடசாலையொன்றின் அதிபராக இருக்கும் என்னிடமும், படித்தவன் என்ற மதிப்பினாலே, பெற்றோர் சிலர் இதைப்பற்றிக் கேட்பதுண்டு. நான் மருத்துவனல்லன், கலைப் பட்டதாரி, வரலாறு கற்பிப்பவன். வைத்திய ஆலோசனை கூறும் உரிமை எனக்கு இல்லை. ஆயினும் இக்கேள்விக்கு ஏறத்தாழ எண்பது ஆண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றிலே நம்மவர்க்கு நெருங்கிய இடங்களும் சில வருகின்றன. அதனைக் கூறுவதே என் நோக்கம்.

விற்றமின் என்ற சொல்லை 1912-ஆம் ஆண்டில் ஆக்கியவர் காசிமிர் ஃபங்க் என்னும் போலந்து நாட்டு அறிஞர். உயிர் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லை முதலாகக் கொண்டு அதனை அவர் அமைத்தார். தமிழில் நாம் உயிர்ச்சத்து என்று மொழிபெயர்த்தபோது அப்பெயரின் கவர்ச்சி இன்னும் மிகுந்ததேயன்றிக் குறையவில்லை. அக்காலத்தில் அச்சொத்துக்குப் பெயருக்கேற்ற புகழும் இருந்தது. தீட்டிய அரிசியையே உண்டு கால் வீங்கி மாண்டவர்களைத் தவிட்டிலுள்ள ஒரு நுண்பொருள் காப்பாற்றிற்று. மாதக்கணக்கிலே கடலில் கிடந்து ஈறு கரைந்த மாலுமிகளை எலுமிச்சம்பழத்திலுள்ள மற்றொரு பொருள் காப்பாற்றிற்று. குறைந்ததைக் கொடுத்தால் நோய் போகும் என்ற எளிய விதி பல நோய்களுக்குப் பொருந்தியது. பொருந்தவே, எல்லா நோய்க்கும் பொருந்தும் என்று மனிதர் எண்ணத் தலைப்பட்டனர். புற்றுநோயோ ஏதோவொன்று குறைவதனால் வருவதன்று. உடம்பின் சொந்தக் கலங்களே கட்டுப்பாட்டை மீறிப் பெருகுவதனால் வருவது. இவ்வேறுபாட்டை உலகம் எவ்வாறு அறிந்துகொண்டது என்பதே இனி நான் சொல்லப்போகும் கதை.

கதையின் முதற்காட்சி இந்தியாவில் நிகழ்கிறது. லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் வைத்தியர் 1928-இல் பம்பாய் வந்தார். அங்கே நெசவாலைகளில் வேலைசெய்த ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் கடுமையான இரத்தசோகைக்கு ஆளாகி இறந்துகொண்டிருந்தனர். காரணத்தைத் தேடிய அவர் 1929-இல் சில திங்கள் நீலகிரி மலையிலுள்ள குன்னூருக்கும் சென்று ஆராய்ந்தார். அது 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின்னர் நம் உற்றார் உறவினர் பலர் குடிபெயர்ந்து சென்று மீண்டும் கொழுந்து கிள்ளத் தொடங்கிய அதே நீலகிரி. ஆராய்ச்சிக்கூடத்தில் இரத்தசோகையுற்ற குரங்கொன்றுக்கு, நம் தேநீர்க்கடைகளிலும் இன்று காணப்படும் மார்மைற் என்ற ஈஸ்ட் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார். குரங்கு தேறியது. பின்னர் பெண்களும் தேறினர். 1931-இல் அவர் இதனை வெளியிட்டார். ஈஸ்டிலே மறைந்திருந்த அந்தப் பெயரறியாப் பொருளை அறிஞர்கள் சிலகாலம் அவர் பெயராலேயே அழைத்தனர். இலங்கையிலே 1934-35-இல் மலேரியாக் கொள்ளைநோய் பரவியபோது, நலிந்த மக்களுக்கு இதே மார்மைற் கொடுக்கப்பட்டதும் நினைவிற் கொள்ளத்தக்கது. 1941-இல் கீரையிலிருந்து இப்பொருளைப் பிரித்தெடுத்தவர்கள், இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக்கொண்டு ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர்.

ஆம், கர்ப்பிணித் தாய்மார்க்குக் கிளினிக்கிலே கொடுக்கப்படும் அந்தச் சிறிய மாத்திரைதான். இப்பேச்சைக் கேட்டுவிட்டு எந்தத் தாயும் அதனை நிறுத்திவிடக் கூடாது என்பதை இங்கேயே அழுத்திக் கூறிவிடுகிறேன். குழந்தையின் முள்ளந்தண்டு செவ்வனே அமைவதற்கும் தாயின் இரத்தத்துக்கும் அது இன்றியமையாதது. நான் சொல்லவருவது வேறு செய்தி.

ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கும் வழியை 1945-இல் கண்டறிந்தது அமெரிக்காவிலுள்ள லெடர்லே ஆய்வுக்கூடத்துக் குழு. அதற்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ் என்ற ஆந்திரர். பிறந்தது 1895-இல் பீமவரத்தில். படித்தது சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும். காந்தியடிகளின் அறைகூவலை ஏற்று மாணவராயிருக்கும்போதே கதராடை அணிந்தமையால் ஆங்கிலப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி, உயர்ந்த பட்டம் கிடைக்காமல் அடுத்த தரப் பட்டமே பெற்றார் என்பது அவர் வரலாற்றிலே எப்போதும் பேசப்படும் செய்தி. அவருடைய சகோதரர் இருவர் அடுத்தடுத்து ஸ்புரூ என்ற குடல்நோயால் மாண்டனர். உண்ட உணவின் சத்து உடம்பிற் சேராது மெலிந்து அழியும் நோய் அது. பல ஆண்டுகள் கழித்து அவர் ஆக்கிய ஃபோலிக் அமிலமே அந்நோயைத் தீர்க்கும் மருந்தாக அமைந்தது. தம்மவர் மாண்ட நோய்க்குக் கடல்கடந்த நாட்டிலிருந்து மருந்து தந்த இந்த மனிதருடைய பெயர் நம் பாடநூல்களில் இடம்பெறாதது எனக்கு எப்போதும் வருத்தமே.

நிற்க. இதே காலத்தில் நியூ யோர்க் நகரத்து அறிஞர் சிலர், சுண்டெலிகளுக்கு ஃபோலிக் அமிலத்தோடு தொடர்புடைய பொருளை ஊசிமூலம் ஏற்றியபோது மார்புக் கட்டிகள் கரைந்தன என்று அறிவித்தனர். உயிர்ச்சத்து புற்றைக் கரைக்கும் என்ற நம்பிக்கை உடனே பற்றிக்கொண்டது. சுப்பாராவ் ஆய்வுக்கூடத்திலிருந்து ரெறோப்ரெறின் என்னும் ஃபோலிக் அமிலச் சேர்மம் வைத்தியர்களுக்கு அனுப்பப்பட்டது. அதனைப் பெற்ற நோயாளருள் ஒருவர் அமெரிக்க மக்கள் தெய்வமெனக் கொண்டாடிய பேஸ்போல் வீரர் பேப் றூத். மூக்கின் பின்புறத் தொண்டையிலே புற்றுநோய் கண்டு மெலிந்திருந்த அவருக்கு 1947-ஆம் ஆண்டுக் கோடைகாலத்தில் சில வாரங்கள் அந்த ஊசி போடப்பட்டது. நோவு தணிந்தது, உடல் நிறை கூடியது, கழுத்திலிருந்த கட்டிகள் சுருங்கின. பெயர் குறிப்பிடாமல் அவ்வாண்டு செப்ரெம்பரில் ஒரு புற்றுநோய் மாநாட்டிலே இச்செய்தி கூறப்பட, பத்திரிகைகள் புற்றுநோய்க்கு மருந்து கிட்டிவிட்டது என்ற கருத்துப்பட எழுதின. ஒருவருடைய தேறுதல் ஊரெல்லாம் பரவுவதற்கு அக்காலத்திலேயே கைத்தொலைபேசி தேவைப்படவில்லை! ஆனால் நோய் திரும்பி வந்தது. 1948 ஆகஸ்ட் 16-இல் அவர் இறந்தார்.

இதனிடையே பொஸ்ரன் நகரத்துச் சிறுவர் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற வைத்தியர் இதே சேர்மங்களை இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவர் கண்டது எதிர்பாராதது. குழந்தைகளின் என்பு மச்சையிலே நோய்க் கலங்கள் குறையவில்லை, விரைந்து பெருகின. உடம்பின் நற்கலங்கள் பெருகுவதற்கு எந்தச் சத்து வேண்டுமோ அதே சத்து புற்றுக் கலங்கள் பெருகுவதற்கும் வேண்டியிருந்தது. பயிருக்கு இறைத்த நீர் களைக்கும் பாய்ந்தது.

இவ்விடத்தில் சோர்ந்துபோயிருந்தால் கதை முடிந்திருக்கும். ஃபார்பர் கேள்வியைத் திருப்பிப்போட்டார். சத்து நோயை வளர்க்குமானால், அச்சத்தைத் தடுக்கும் பொருள் நோயை அடக்காதா என்று கேட்டார். ஃபோலிக் அமிலத்தைப் போன்ற தோற்றமும் அதற்கு நேர்மாறான செயலும் உடைய பொருள்களைச் சுப்பாராவின் குழுவினர் ஆக்கியிருந்தனர். அவற்றுள் அமினோப்ரெறின் என்பது 1947 டிசம்பரின் இறுதியில் முதன்முதலாக ஒரு குழந்தைக்கு ஏற்றப்பட்டது. பூட்டிலே பொருந்தும், ஆனால் திறக்காத கள்ளச்சாவி போன்றது அம்மருந்து. கலம் அதனைச் சத்தென்று நம்பி ஏற்றுக்கொண்டு, பெருக முடியாமல் நின்றுவிடும். 1948 யூன் மாதத்தில் ஃபார்பர் தமது முடிவுகளை வெளியிட்டார். பதினாறு குழந்தைகளுள் பத்துக் குழந்தைகள் சிறிதுகாலமேனும் தேறியிருந்தன. அதுவரை இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தை தேறியது என்ற பேச்சே இருந்ததில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில், பேப் றூத் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்னர், சுப்பாராவும் ஐம்பத்துமூன்றாம் வயதில் காலமானார். அமினோப்ரெறினின் தம்பி என்று சொல்லத்தக்க மெதோட்ரெக்சேற் இன்றும் சிறுவர் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் உலகெங்கும் பயன்படுகிறது. உயிர்ச்சத்தைத் தேடிப் போனவர்கள் உயிர்ச்சத்தின் பகையைக் கண்டு அதனாலே குழந்தைகளைக் காப்பாற்றினர் என்பது மருத்துவ வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

இரண்டாவது காட்சியே உலகெங்கும் பெரிதும் பேசப்பட்டது. அதன் நாயகர் லீனஸ் போலிங். இரசாயனத்துக்காக 1954-இலும் சமாதானத்துக்காக 1962-இலும் நோபெல் பரிசு பெற்றவர். அணுகுண்டுச் சோதனைகளை எதிர்த்துத் துணிந்து நின்றமையால் நம் நாட்டவரும் போற்றிய பெருமகன். தடிமனுக்கு விற்றமின் சி நல்லது என்று 1970-இல் அவர் எழுதிய நூல் அதனை வீட்டுக்கு வீடு பரப்பியது. ஸ்கொத்லாந்தில் வேல் ஒஃப் லீவன் என்ற சிறு மருத்துவமனையின் சத்திரசிகிச்சை வைத்தியர் இயூவன் கமரன் அவருடன் சேர்ந்துகொண்டார். இனி மருந்தில்லை எனக் கைவிடப்பட்ட நூறு புற்றுநோயாளருக்குக் கமரன் நாளொன்றுக்குப் பத்துக் கிராம் அளவு விற்றமின் சி கொடுத்தார். 1976-இல் இருவரும் வெளியிட்ட கட்டுரை, அவர்கள் சராசரியாக 210 நாட்கள் வாழ்ந்தனர் என்றும், மருத்துவமனையின் பழைய ஏடுகளிலிருந்து ஒப்பீட்டுக்காக எடுக்கப்பட்ட ஆயிரம் நோயாளர் 50 நாட்களே வாழ்ந்தனர் என்றும் கூறியது.

கேட்பதற்கு இது பெருவெற்றியாகத் தோன்றும். ஏடுகளை ஒப்பிட்டுப் பழகிய வரலாற்று மாணவனுக்கோ ஓரிடத்தில் இடறும். ‘கைவிடப்பட்ட நாள்’ என்பதை யார், எப்போது, எப்படிக் குறித்தார்கள்? கமரன் தம் கண்முன் இருந்த நோயாளரைச் சற்று முன்னதாகவே அந்நிலையினர் எனக் கணித்திருந்தால், நாட்களை எண்ணத் தொடங்கும் இடமே மாறிவிடும். அவர் நேர்மையற்றவர் என்று நான் கூறவில்லை. நல்லது நடக்கவேண்டும் என விரும்பும் கண் நல்லதையே காணும். இதனைத் தவிர்ப்பதற்கு மருத்துவ உலகம் ஒரு வழியை வகுத்திருக்கிறது. நோயாளரைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்தையும் மற்றதற்கு அதே தோற்றமுள்ள வெறுமாத்திரையையும் கொடுப்பார்கள். எது எவருக்கு என்பது கொடுப்பவருக்கும் தெரியாது, உண்பவருக்கும் தெரியாது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை 1979-இல் இவ்வாறு சோதித்து, விற்றமின் சி-யால் பயனில்லை என்று அறிவித்தது.

போலிங் சினந்தார். அந்நோயாளருட் பெரும்பாலோர் ஏற்கெனவே கடுமையான மருந்துகளால் உடம்பின் எதிர்ப்பாற்றலை இழந்தவர்கள் என்றார். அது நியாயமான தடை. ஆகவே மேயோ வைத்தியர்கள் அத்தகைய மருந்து பெறாத நூறு பெருங்குடற் புற்றுநோயாளரைக் கொண்டு மறுபடியும் சோதித்தனர். 1985-இல் வந்த முடிவும் முன்போலவே இருந்தது. நோய் முற்றியதும் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள், நிறுத்தியிருக்கக் கூடாது என்று போலிங் மீண்டும் வாதாடினார். இதிலும் ஒரு பகுதி உண்மை இருக்கலாம். ஆயினும் நியாயத்தின் பாரம் எப்பக்கம் இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. பயன் உண்டு என்று சொல்பவர்தான் அதனைக் காட்டவேண்டும். அவர் பக்கத்திலிருந்து அத்தகைய சோதனை எதுவும் வரவில்லை. அவருடைய துணைவியார் 1981-இல் இரைப்பைப் புற்றுநோயாலும் அவரே 1994-இல் புற்றுநோயாலும் இறந்தனர். இதனைச் சுட்டி எள்ளி நகைப்பவர் உளர். அது முறையன்று. ஓரிருவர் சாவினால் ஒரு கொள்கை பொய்யாவதில்லை, ஓரிருவர் பிழைப்பதனால் மெய்யாவதில்லை என்பதுபோல. பிற்காலத்தில், வாய்வழி உண்ணும் விற்றமின் சி எவ்வளவு உண்டாலும் இரத்தத்தில் ஓர் எல்லைக்கு மேல் ஏறாது, நாளத்தின் வழியே ஏற்றினால் பன்மடங்கு ஏறும் என்று கண்டறிந்தனர். அவ்வழியில் ஆய்வுகள் இன்னும் நடைபெறுகின்றன. ஆனால் அது கடையில் வாங்கும் போத்தலைப் பற்றிய செய்தியன்று.

‘விற்றமின் பி 17’ என்று ஒன்றைப் பற்றியும் செய்திகள் சுற்றிவருகின்றன. அப்பிரிக்கொற் பழக் கொட்டையிலிருந்து எடுக்கும் அப்பொருள் விற்றமினே அன்று. விற்பனைக்காகச் சூட்டிய பெயர் அது. 1982-இல் வெளியான சோதனை அதனால் பயனில்லை என்று காட்டியதோடு, நோயாளர் சிலரின் இரத்தத்தில் சயனைட் நஞ்சு ஏறியதையும் காட்டிற்று. இதற்கு மேல் அதனைப்பற்றிப் பேச ஒன்றுமில்லை.

இனி மூன்றாவது காட்சி. கரட், பப்பாசி, கீரை முதலியவற்றை நிறைய உண்பவர்க்குச் சுவாசப்பைப் புற்றுநோய் குறைவாக வருகிறது என்பது பல நாடுகளில் காணப்பட்டது. அவற்றிலுள்ள பீற்றா கரோட்டீன் என்ற பொருள் உடம்பில் விற்றமின் ஏ-யாக மாறுவது. அதனையே மாத்திரையாக்கிக் கொடுத்தால் என்ன என்று பின்லாந்திலே புகைபிடிக்கும் 29,133 ஆண்களைக் கொண்டு சோதித்தனர். 1994-இல் முடிவு வெளியானபோது அறிஞர்கள் தம் கண்களையே நம்பவில்லை. பீற்றா கரோட்டீன் உண்டவர்க்குச் சுவாசப்பைப் புற்றுநோய் குறையவில்லை. 18 வீதம் கூடியிருந்தது. அமெரிக்காவிலும் இதுபோன்ற சோதனையில் 28 வீதம் கூடவே, 1996-இல் அதனை இடையிலேயே நிறுத்தினார்கள். நம் வெலிமடைக் கரட்டையும் நுவரெலியாக் கீரையையும் உண்பது வேறு, அவற்றிலுள்ள ஒரு பொருளை மட்டும் பிரித்துப் பெருமளவில் விழுங்குவது வேறு என்பது அப்போது புலனாயிற்று. 2018-இல் வெளியான பெருஞ்சோதனையொன்று விற்றமின் டி-யும் புற்றுநோய் வருவதைத் தடுக்கவில்லை என்று காட்டியது.

எல்லாம் தோல்விதானா என்று கேட்பீர்கள். அல்ல. சீன நாட்டில் ஷங்காய் நகரத்து வைத்தியர்கள், விற்றமின் ஏ-யிலிருந்து பெறப்படும் ஓர் அமிலத்தை ஒரு தனிவகை இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்து, 24 நோயாளரும் தேறியதாக 1988-இல் அறிவித்தனர். அந்த ஒரு வகையில் மட்டும், நோயைத் தோற்றுவிக்கும் பழுதே விற்றமின் ஏ-யின் கட்டளையைக் கலம் கேட்கும் இடத்தில் அமைந்திருந்தது. பூட்டும் திறப்பும் அங்கே உண்மையாகப் பொருந்தின. இன்று அது உலகம் ஒப்புக்கொண்ட சிகிச்சை. ஆயின் மருத்துவமனையிலே, இரத்தத்தை நாடோறும் பார்த்துக் கொடுக்கவேண்டிய மருந்து.

இதுவரை தொலைதூரச் செய்திகளைக் கூறினேன். இனி நம் வாசலுக்கு வருகிறேன். இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயாகும். அதன் காரணம் நம் மடியிலே இருக்கிறது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்ற நான்கும் சேர்ந்த கூறு, பனியிலும் மழையிலும் மலையேறும் தொழிலாளியின் உடம்புக்குச் சூடு தருகிறது. பசியை மறக்கச் செய்கிறது. கொழுந்துக் கூடை நிறையும் வரை வாய்க்குத் துணையாகிறது. மங்கலத்துக்கும் மரியாதைக்கும் அதுவே முதற்பொருள். இதனால் அதனை வைவதற்கு எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் புகையிலை சேர்ந்த வெற்றிலைக் கூறு புற்றுநோய் தருவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1985-இலேயே தீர்மானித்தது. புகையிலை சேராவிட்டாலும், பாக்கு ஒன்றே போதும் என்பது 2003-இல் அந்நிறுவனம் கூட்டிய அறிஞர் குழுவின் முடிவு.

புற்று ஒருநாளில் வந்துவிடுவதில்லை. கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கின் ஓரத்திலோ வழித்தாலும் போகாத வெண்படலம் ஒன்று முன்தூதனாக வருவதுண்டு. எல்லாப் படலமும் புற்றாக மாறுவதில்லை; எது மாறும் என்று பார்த்தவுடன் சொல்லவும் முடியாது. இப்படலத்தை உயிர்ச்சத்தினாலே கரைக்கலாமா என்ற ஆராய்ச்சி, நம்மைப்போலவே வெற்றிலை மெல்லும் மலையாள நாட்டு மக்களிடையே நடந்தது. திருவனந்தபுரத்தில் 1981-இல் நிறுவப்பட்ட மண்டலப் புற்றுநோய் நிலையத்தின் வைத்தியர்களும் கனடா நாட்டு அறிஞர் ஹான்ஸ் ஸ்ரிச்சும் சேர்ந்து இதனைத் தொடங்கினர். 1988-இல் வெளியான முதல் முடிவு நம்பிக்கையூட்டியது. ஆறு திங்கள் விற்றமின் ஏ உண்டவர்களுள் பாதிக்கு மேற்பட்டோருக்குப் படலம் முற்றாக மறைந்திருந்தது. வெறுமாத்திரை உண்டவர்களுள் நூற்றுக்கு மூவருக்கே மறைந்தது.

அத்துடன் நிறுத்தியிருந்தால் இன்று நம் கடைகளிலே வெற்றிலைத் தட்டின் பக்கத்தில் விற்றமின் ஏ-யும் வைத்து விற்பார்கள். அவ்வறிஞர்கள் நிறுத்தவில்லை. 160 பேரை எடுத்து ஓராண்டு முழுவதும் கொடுத்து, அதன்பின் மாத்திரையை நிறுத்திவிட்டு மற்றுமோராண்டு காத்திருந்தனர். 1997-இல் முடிவு வந்தது. விற்றமின் ஏ உண்டவர்களுள் 52 வீதத்தினருக்கும், பீற்றா கரோட்டீன் உண்டவர்களுள் 33 வீதத்தினருக்கும், வெறுமாத்திரை உண்டவர்களுள் 10 வீதத்தினருக்கும் படலம் மறைந்தது. மாத்திரை வேலைசெய்தது என்பது உண்மை. ஆனால் நிறுத்திய பின்னர், விற்றமின் ஏ-யால் தேறியவர்களுள் மூன்றில் இருபங்கினருக்கும் பீற்றா கரோட்டீனால் தேறியவர்களுள் பாதிப்பேருக்கும் படலம் திரும்பி வந்தது. விற்றமின் ஏ-யை வாழ்நாள் முழுவதும் பெருமளவில் உண்ணவும் இயலாது. அது ஈரலைக் கெடுக்கும், கருவிலுள்ள குழந்தையைக் கெடுக்கும்.

எண்பதாண்டு விவாதத்திலே நம் மக்களுக்கு எல்லாவற்றிலும் நெருக்கமான பக்கம் இதுதான் என்று நான் கருதுகிறேன். போலிங்கின் நோயாளர் இறுதிக் கட்டத்தில் இருந்தவர்கள்; அவர்களுக்கு மாத்திரையால் இழப்பதற்கு அதிகமில்லை. வெண்படலம் கண்ட தொழிலாளிக்கோ இழப்பதற்கு ஆயுள் முழுவதும் இருக்கிறது. மாத்திரை உண்டு படலம் மறைந்தால் அவர் நோய் போயிற்று என்று எண்ணுவார், மெல்லுவதையும் விடமாட்டார், வைத்தியசாலைக்கும் போகமாட்டார். திரும்பி வரும் படலம் ஈராண்டு முதிர்ந்ததாக வரும்.

வைத்தியசாலைக்குப் போகாமலிருப்பது நம்மிடையே கற்பனைக் குற்றச்சாட்டன்று. மத்திய இலங்கையின் கிராமங்களில் 34 ஆரம்ப சுகாதாரப் பணியாளர்களுக்குச் சிறிது பயிற்சியளித்து, ஓராண்டில் 28,295 பேரின் வாய்களைப் பார்வையிடச் செய்த ஆய்வொன்று 1984-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் சஞ்சிகையிலே வெளிவந்தது. அப்பணியாளர்கள் ஐயத்துக்குரியவை எனச் சுட்டியவற்றுட் பெரும்பாலானவை சரியாகவே இருந்தன. ஆனால் நிபுணரிடம் காட்டுமாறு கூறப்பட்ட 1,220 பேருள் 660 பேரே சென்றனர். ஏறத்தாழப் பாதிப்பேர் செல்லவில்லை. திருவனந்தபுரத்தைச் சூழ்ந்த ஊர்களில் 1996-இல் தொடங்கி, ஏறத்தாழ 1,90,000 பேரை உள்ளடக்கிய பெரிய ஆய்வின் முடிவு 2005-இல் வெளியானது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது வேறுபாடு உறுதியாகப் புலப்படவில்லை. புகையிலையோ மதுவோ பழகியவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தபோது, வாயைச் சோதித்துப் பார்த்த ஊர்களில் வாய்ப் புற்றுநோயால் நேர்ந்த மரணம் 34 வீதம் குறைந்திருந்தது. அங்கே பயன்பட்ட கருவி ஒரு மின்சூளும் பயிற்சி பெற்ற இரண்டு கண்களும்.

இலங்கை அரசாங்கம் 2016-இல் புகையற்ற புகையிலைக் கலவைகளின் உற்பத்தியையும் இறக்குமதியையும் விற்பனையையும் தடைசெய்தது. வண்ணப் பைகளில் வந்த அக்கலவைகளைப் பாடசாலை மாணவர் சட்டைப் பைகளிலிருந்து நாங்கள் பறித்த காலம் உண்டு. ஆகவே இத்தடையை வரவேற்றவர்களுள் ஆசிரியர்களும் முன்னின்றனர். ஆனால் கூறு கட்டும் வழக்கம் சட்டத்துக்கு அகப்படுவதன்று.

ஹட்டனில் புகையிரதம் ஏறினால் நாவலப்பிட்டி, கம்பளை கடந்து பேராதனை. அங்குள்ள பல்வைத்தியசாலையில் ஐயத்துக்குரிய படலத்தின் ஒரு சிறு துண்டை மரத்துப்போகச் செய்து எடுத்து, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்ப்பார்கள். படலம் எத்தகையது என்பதை மாத்திரையோ செய்தியோ சொல்லாது. அந்தத் துண்டே சொல்லும். ஒருநாட் சம்பளமும் துணைக்கு ஒருவரோடு போய்வரும் செலவும் ஆகும் என்பது உண்மையே. தோட்டத்து மருந்தகத்திலோ அருகிலுள்ள அரசினர் வைத்தியசாலையிலோ முதலில் காட்டிக் கடிதம் பெற்றுச் செல்வது எளிது. போகும்போது வீட்டிலே உண்டுவரும் மாத்திரைப் போத்தல்கள் எல்லாவற்றையும், விற்றமின்தானே என ஒதுக்கிவிடாமல், கையோடு கொண்டுசெல்லவேண்டும். சிகிச்சை தொடங்கிய பின்னரும் அப்படியே. மெதோட்ரெக்சேற் பெறும் நோயாளர் தாமாக ஃபோலிக் அமிலம் உண்டால் அது மருந்தின் வேலையை முறிக்கக்கூடும். சிலவேளைகளில் அம்மருந்தின் கடுமையிலிருந்து நற்கலங்களைக் காப்பதற்கு, அதே உயிர்ச்சத்தின் ஒரு வகையை வைத்தியர்களே மணிக்கணக்குப் பார்த்துக் கொடுப்பதும் உண்டு. எந்த நாளில், எவ்வளவு என்பதை அவர்கள் தீர்மானிப்பார்கள்.